முதன்மை அறிந்து கற்றல்

நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவர் பலர் முதலில் கேட்கும் வினா, ‘எந்தப் பாட அலகை விட்டுவிடலாம்?’ என்பதாகும். கேட்க வேண்டிய வினாவோ, ‘எந்த அலகை முதலில் படிக்க வேண்டும்?’ என்பது. முன்னது பாடத்திட்டத்தைக் குறைக்கிறது. பின்னது அதனை ஒழுங்குபடுத்துகிறது. மாணவரின் ஈராண்டு உழைப்பு பயன் தருவது இவ்வேறுபாட்டை உணர்வதைப் பொறுத்தே அமைகிறது.

தேர்வின் அமைப்பு

மருத்துவக் கல்விக்கான நீட் தேர்வை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 2025ஆம் ஆண்டு நடைபெற்ற இத்தேர்வில் 180 வினாக்களுக்கு 180 நிமிடங்கள் அளிக்கப்பட்டன. மொத்த மதிப்பெண் 720. உயிரியலில் 90 வினாக்களும், இயற்பியலிலும் வேதியியலிலும் தனித்தனியே 45 வினாக்களும் இடம்பெற்றன. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும்.

இக்கணக்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. உயிரியல் பாதி மதிப்பெண்ணைத் தருவதாயினும், எஞ்சிய 360 மதிப்பெண்கள் மற்ற இரு பாடங்களில் உள்ளன. மேலும், அரைகுறையாகக் கற்ற அலகில் நான்கு விடைகள் தவறினால், நன்கு கற்ற அலகில் ஒரு சரியான விடையால் பெற்ற மதிப்பெண் முழுவதும் அழிந்துவிடும். ஆகவே, தொட்ட அலகைத் தெளிவு பெறும்வரை கற்பதே நன்று.

அடிப்படையும் தொடர்ச்சியும்

சில அலகுகள் தனித்து நிற்பவை. சில, பிற அலகுகளைத் தாங்கி நிற்பவை. மோல் கருத்தில் தெளிவில்லாதவர் கரைசல்களிலும் மின்வேதியியலிலும் கணக்குகளைத் தீர்க்க இயலாது. வெக்டர்களை அறியாதவருக்கு இயக்கவியல், ஈர்ப்பியல், நிலைமின்னியல் ஆகிய மூன்றும் கடினமாகும். செல் பிரிதலைக் கல்லாதவர் மரபியலை மனப்பாடம் செய்யலாம், புரிந்துகொள்ளல் அரிது.

இத்தாங்கும் அலகுகளுள் பெரும்பாலானவை பதினொன்றாம் வகுப்பில் அமைந்துள்ளன. அவற்றைப் புறந்தள்ளிப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களையே ஈராண்டும் நடத்தும் வழக்கம் பல பள்ளிகளில் இருந்தது. 2017-18ஆம் கல்வியாண்டில் தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதற்கு அவ்வழக்கமும் ஒரு காரணமாகும். நேரிடையாக ஓரிரு வினாக்களே கேட்கப்படும் அடிப்படை அலகும், அதனைச் சார்ந்த அலகுகளின் வாயிலாகப் பல வினாக்களுக்கு விடை தருகிறது.

தன்னிலை அறிதல்

திருக்குறளில் ‘காலமறிதல்’ என்னும் அதிகாரத்திற்கு முன்னதாக ‘வலியறிதல்’ வைக்கப்பட்டுள்ளது. கால அட்டவணை வகுக்குமுன் மாணவர் தம் வலிமையை அறிதலும் அவ்வாறே இன்றியமையாதது. ஒவ்வோர் அலகிலும் பத்து வினாக்களுக்கு விடையளித்துப் பார்த்தால் உண்மை நிலை விளங்கும். தவறுகளின் எண்ணிக்கையை மட்டுமன்றிக் காரணத்தையும் குறித்தல் வேண்டும். கருத்து விளங்காமையால் நேர்ந்த தவறுக்கு மீண்டும் கற்றல் தேவை. மறதியால் நேர்ந்ததற்குத் திருப்புதல் தேவை. கணக்கீட்டுப் பிழைக்குப் பயிற்சி தேவை. வினாவைத் தவறாகப் படித்ததற்கு நிதானம் தேவை.

நன்கு தெரிந்த அலகைத் திரும்பத் திரும்பப் படிப்பது மகிழ்ச்சி தரும். மதிப்பெண்ணை மிகுதியாக உயர்த்தாது. அஞ்சி ஒதுக்கும் அலகிலேயே உயர்வுக்கு இடம் உண்டு.

காலத்திற்கேற்ற வரிசை

முன்னுரிமை என்பது ஒருமுறை எழுதி ஒட்டிவைக்கும் பட்டியல் அன்று. பதினொன்றாம் வகுப்பில் காலம் மிகுதியாக இருப்பதால் தாங்கும் அலகுகள் முதலிடம் பெற வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கத்தில், தன்னிலை அறிதலில் வெளிப்பட்ட குறைகளைக் களைதல் வேண்டும். தேர்வு நெருங்கும் மாதங்களில், முந்தைய ஆண்டு வினாத்தாள்களில் மிகுதியாக இடம்பெற்ற அலகுகளைத் திருப்புதல் செய்தல் தகும். ஆயினும், கடந்த ஆண்டுகளின் வினாக்கள் வழிகாட்டுமேயன்றி உறுதியளிக்கா. இறுதி நாள்களில் பின்பற்ற வேண்டிய வரிசையை முதலாண்டிலேயே மேற்கொள்பவர், அடித்தளம் இடாமல் மாடம் எழுப்புபவர் ஆவார்.

மாதம் ஒருமுறை இவ்வரிசையை மீளாய்வு செய்யும் மாணவருக்குப் பாடத்திட்டத்தின் பரப்பு அச்சம் தருவதில்லை. இன்று படிக்க வேண்டியது எது, அதனை ஏன் இன்று படிக்க வேண்டும் என்னும் இரண்டிற்கும் அவரிடம் விடை இருக்கும்.