தூண்டில் ரீலில் நரம்பு சிக்குவது ஏன்?

தூண்டிலை வீசியதும் ஈயக்குண்டு நரம்பை இழுத்துச் செல்கிறது. ரீலின் உருளை வேகமாகச் சுழல்கிறது. காற்றின் தடையால் குண்டின் வேகம் குறைகிறது. உருளையோ நிலைமத்தின் காரணமாகத் தொடர்ந்து வேகமாகச் சுழல்கிறது. வெளியேற இயலாத நரம்பு வளையம் வளையமாகச் சிக்கிக்கொள்கிறது. கட்டைவிரலால் உருளையை மெல்ல அழுத்துங்கள். உராய்வு அதன் வேகத்தைக் குறைத்துவிடும்.

வீசும்போது உருளையே சுழலாத ரீலுக்கு 1905இல் இங்கிலாந்தில் இல்லிங்வொர்த் காப்புரிமை பெற்றார். அதிலும் நரம்பைத் தளர்வாகச் சுற்றினால் சிக்கல்தான்!

சிக்கிவிட்டதா? வெடுக்கென்று இழுத்தால் வளையங்கள் முடிச்சாக இறுகும். ஒவ்வொன்றாகத் தளர்த்தி எடுங்கள். பிறகு நரம்பை இரு விரல்களுக்கிடையே பிடித்து, விறைப்பாகச் சுற்றுங்கள். வெட்டிய துண்டுகளை நீரில் எறியாதீர்கள். நைலான் எளிதில் மக்காது. பறவைகளின் கால்களைச் சுற்றி உயிரையே பறித்துவிடும்.