உங்களுக்குத் தெரியுமா? பெர்லினில் பிறந்த நம்ம பொடியன்

2022 உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தில் அரையிறுதி வரை போன மொறோக்கோ அணியின் 26 பேரில் 14 பேர் மொறோக்கோவில் பிறக்காதவர்கள். ஹக்கீமி மட்ரிட்டில், ஸியேச் நெதர்லாந்தில். தாய், தகப்பன் அல்லது தாத்தா, பாட்டி பிறந்த நாட்டுக்கு ஆட பீஃபா இடம் தருகிறது. அந்த நாட்டுக் குடியுரிமையும் கையில் இருக்க வேண்டும்.

இலங்கையும் இதே வழியில்தான் போகிறது. பெர்லினில் பிறந்த வசீம் றாஸீக் யூனியன் பெர்லின் கழகத்தில் ஆடியவர். 2021 நவம்பரில் கொழும்பில் மாலைதீவிடம் 0-4 எனப் பின்தங்கிய ஆட்டத்தை 4-4 ஆக்கினார். நான்கு கோலும் அவருடையவை! அந்தத் தொடரின் இறுதியாட்டத்தில் பெனால்டியில் நம்மை மடக்கியது யார் தெரியுமா? ஆபிரிக்கத் தீவு சீஷெல்ஸ்.

பிறகு சுவீடனிலிருந்து ஆதவன் ராஜமோகன், ஜேர்மனியின் டைனமோ டிரெஸ்டன் கழகத்திலிருந்து கிளவ்டியோ கம்மர்க்னெஹ்ட் என்று வரிசை நீண்டது. 2024 செப்டெம்பரில் கம்போடியாவை அவர்கள் மண்ணிலேயே பெனால்டியில் வென்றோம். ஆனால் அன்றைய கோல் காப்பாளர் சுஜான் பெரேரா உள்ளூர்க்காரர்.

அக்கரைப்பற்றில் அஸர் தொழுதுவிட்டு, செருப்பிரண்டைக் கோல் கம்பமாய் வைத்து வெறுங்காலோடு உதைக்கும் பொடியன்மாருக்கும் அதே இலங்கை அணிச் சட்டைதான் கனவு. ஆனால் யூனியன் பெர்லினில் இருப்பது போன்ற பயிற்சிக்கூடம் இந்தக் கரையில் எங்கே இருக்கிறது?