கிலோவில் கரையும் உடம்பு, அரிசி எடையில் ஆடும் நரம்பு! தெரியுமா?

382 நாள் பட்டினி!

ஒரு வேளை சாப்பாடு தள்ளிப்போனாலே நமக்குக் கண்ணைக் கட்டுகிறது. 382 நாள் சோறும் இல்லை, ரொட்டியும் இல்லை என்று ஒருவர் இருந்தார், தெரியுமா? அவர் ஸ்காட்லாந்து இளைஞர் ஆங்கஸ் பார்பியரி. 1965-ல் மருத்துவர்களின் கண்காணிப்பில் தொடங்கியபோது எடை 207 கிலோ. 1966-ல் முடித்தபோது 82 கிலோ! கரைந்து போனது 125 கிலோ. இரண்டு ஆள் எடை! இடையில் அவர் மலம் கழித்ததே 37 முதல் 48 நாளுக்கு ஒரு முறைதான்! அத்தனை நாள் கழித்து முதலில் சாப்பிட்டது என்ன? ஒரு வேகவைத்த முட்டை, வெண்ணெய் தடவிய ஒரு துண்டு ரொட்டி, பால் கலக்காத காபி. அவ்வளவுதான்!

அவருக்குக் கொடுத்தது என்ன?

தண்ணீரோடு வைட்டமின் மாத்திரை, ஈஸ்ட், பொட்டாசியம்! உடம்பிலுள்ள கொழுப்பு எரிந்து சக்தி தரும். சரி, அந்தக் கொழுப்புக்குள் பி வைட்டமின் இருக்கிறதா? இல்லவே இல்லை! நூறு கிலோ கொழுப்பைச் சுமந்துகொண்டு நடப்பவரின் நரம்புகூடச் சத்தில்லாமல் வாடலாம்! (யாரும் இதை வீட்டில் முயல வேண்டாம். இப்படிப் பட்டினி கிடந்து உயிரை விட்டவர்களும் உண்டு.)

மொத்தக் கையிருப்பே ஓர் அரிசி எடை!

நம் உடம்பு முழுவதிலும் இருக்கும் வைட்டமின் பி1, அதாவது தயமின், எவ்வளவு தெரியுமா? 25 முதல் 30 மில்லிகிராம். ஒரே ஓர் அரிசியின் எடை! அது எத்தனை நாளைக்கு வரும்? இரண்டு மூன்று வாரம்! புதிதாக வராவிட்டால் முதலில் தவிப்பது நரம்பும் மூளையும் இதயமும். உடம்பு எடையில் 2 சதவீதமே இருந்துகொண்டு 20 சதவீதச் சக்தியைத் தின்கிற மூளைக்கு, சர்க்கரையை எரிக்கப் பி1 வேண்டுமே!

இரைப்பை இரண்டு மேசைக்கரண்டி!

சாதாரணமாக ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும் இரைப்பையை 30 மில்லியாகச் சுருக்க முடியுமா? முடியும்! அதுதான் ‘கேஸ்ட்ரிக் பைபாஸ்’ அறுவை. அமெரிக்காவின் எட்வர்ட் மேசன் 1966-ல் இதைத் தொடங்கி வைத்தார். உணவு சிறுகுடலின் முதல் பகுதியைத் தொடாமலே குறுக்கு வழியில் போய்விடும். எடை சரசரவென்று இறங்கும். கூடவே விடாத வாந்தியும் வந்துவிட்டால்? அந்த ஓர் அரிசி எடை காலி! பி1 குறைவால் வரும் நோய்க்குப் பெயர் பெரிபெரி. அறுவைக்குப் பின் வரும் இதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயரே ‘பேரியாட்ரிக் பெரிபெரி’!

நூறில் பதினாறு பேர்!

எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்ட 435 பேரை அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆராய்ந்து 2004-ல் முடிவை வெளியிட்டது. எத்தனை பேருக்கு நரம்புக் கோளாறு வந்தது தெரியுமா? நூற்றுக்கு 16! பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களிடம் அது நூற்றுக்கு 3 மட்டுமே. இன்னொரு வியப்பு: எடை எவ்வளவு வேகமாக இறங்கியதோ, அவ்வளவு ஆபத்து! சத்துணவு ஆலோசனைக்கு ஒழுங்காக வந்துபோனவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள்!

ஏன் பாதத்தில் தொடங்குகிறது?

முதுகின் அடியிலிருந்து கால் விரல் வரை ஒரே ஒரு நரம்பிழை நீள்கிறது. நீளம் சுமார் ஒரு மீட்டர்! அதில் ஓடும் செய்தியின் வேகம்? வேகமான இழைகளில் மணிக்கு 400 கிலோமீட்டருக்கும் மேல்! வந்தே பாரத் ரயிலைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம்! இவ்வளவு நீள இழையின் கடைசி முனைக்குச் சத்து போய்ச் சேருவது கடினம். கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத வயல் மாதிரிதான். அதனால் முதலில் உள்ளங்காலில் எரிச்சல், விரலில் மதமதப்பு, ஊசி குத்தல். அப்புறம்? செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாது!

கால்மேல் கால் போட்டால் பாதம் தொங்குமா?

தொங்கும்! முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு சின்ன எலும்பு முனை தட்டுப்படுகிறதா? அதை ஒட்டித் தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு ஓடுகிறது. அதற்கு மெத்தை எது? கொழுப்பு! உடம்பு வேகமாக இளைத்தால் மெத்தையும் போய்விடும். பிறகு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாலோ, நெடுநேரம் குந்தியிருந்தாலோ நரம்பு நசுங்கிப் பாதம் தூக்க வராமல் தொங்கும். இதற்குப் பெயர் ‘இளைத்தவர் வாதம்’! பெரியவர்கள் முன்னால் கால்மேல் கால் போடாதே என்று பாட்டி அதட்டியது வீண்போகவில்லை!

1 கிராம், 1,140 ஆண்டு!

வைட்டமின் பி12 ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும் தெரியுமா? 2.4 மைக்ரோகிராம்! கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு கிராம் இருந்தால் ஒருவருக்கு 1,140 ஆண்டு வரும். தஞ்சைப் பெரிய கோயில் எழுந்து முடிந்த 1010-ல் ஒருவர் அந்த ஒரு கிராமைத் தொட்டிருந்தால், இன்றைக்கும் மீதி இருக்கும்!

நாலு வருடம் கழித்து அடிக்கும் அடி!

பி1 மூன்று வாரத்தில் தீரும். பி12? ஈரல் அதைச் சேமித்து மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை ஓட்டிவிடும்! இங்கேதான் ஆபத்து. எடை குறைந்து, புதுச் சட்டை தைத்து, அறுவையையே மறந்துவிட்ட நேரத்தில் அந்தச் சேமிப்பு தீர்ந்து கால் மரத்துப்போகத் தொடங்கும். சர்க்கரை நோயாளிக்கோ “சர்க்கரையால்தான்” என்று தோன்றும். நம் ஊரில் பலர் விழுங்கும் மெட்ஃபார்மின் மாத்திரையும் பி12-ஐக் குறைக்கக்கூடியதுதான், தெரியுமா?

ஊசி ஏன் சிவப்பு?

‘நரம்பு ஊசி’ என்று போடுகிறார்களே, அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? பி12-க்குள் இருக்கும் கோபால்ட் என்ற உலோகத்தால்! இதன் சிக்கலான வடிவத்தைக் கண்டறிந்தவர் டோரதி ஹாட்ஜ்கின். 1964-ல் நோபல் பரிசு பெற்றார். பி12-ஐ எந்தச் செடியும் செய்யாது, எந்த விலங்கும் செய்யாது. உலகம் முழுவதற்கும் தயாரித்துத் தருபவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டுமே!

தையல்காரப் பெண்ணின் கண்!

1881-ல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே மூன்று பேரைப் பற்றி எழுதினார். கண் அசையவில்லை, நடை தள்ளாடியது, புத்தி குழம்பியது. இருவர் குடிகாரர்கள். மூன்றாமவர்? கந்தக அமிலம் குடித்து வயிறு கெட்டு, ஓயாமல் வாந்தி எடுத்த 20 வயதுத் தையல்காரப் பெண்! வயிறு சுருங்கி, வாந்தி வந்து, மூளை பாதிக்கப்பட்ட அதே கதைதான் இன்று எடைக் குறைப்பு அறுவைக்குப் பிறகும் சிலருக்கு நடக்கிறது. காரணம் பி1 என்று வெர்னிக்கேவுக்குத் தெரியாது. அதன் படிகத்தை மனிதக் கண் பார்த்ததே 45 ஆண்டு கழித்து, 1926-ல்தான்!

குளுக்கோஸே எமனாகுமா?

ஆகலாம்! பி1 வற்றிக் கிடக்கும் உடம்பில் முதலில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், இருக்கிற துளி பி1-உம் அதை எரிப்பதிலேயே தீர்ந்து மூளை சட்டென்று சாயலாம். அதனால்தான் மருத்துவர்கள் பி1 ஊசியைத் தள்ளிப்போடுவதில்லை!

பெரிபெரி எந்த ஊர்ச் சொல்?

பக்கத்து ஊர்! ‘முடியாது, முடியாது’ என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். எழுந்து நிற்கக்கூட முடியாத நோய்க்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

கோழி சொன்ன பாடம்!

ஜாவாவில் பெரிபெரியை ஆராய்ந்த டச்சு மருத்துவர் எய்க்மானின் கோழிகள் கால் இழுத்துக்கொண்டு விழுந்தன. திடீரென்று பிழைத்தன! மாயமா? இல்லை. ராணுவ மருத்துவமனையின் வெள்ளைச் சோறு கோழிக்குப் போய்க்கொண்டிருந்தது. புதிதாக வந்த சமையல்காரர் “ராணுவச் சோறு சிவிலியன் கோழிக்குக் கிடையாது” என்று நிறுத்திவிட்டார்! கோழிகள் தீட்டாத அரிசிக்கு மாறின, எழுந்து நடந்தன! தவிட்டில் இருந்த சத்தின் வேலை அது. 1929-ல் எய்க்மானுக்கு நோபல் பரிசும் வந்தது!

தமிழரைக் காத்தது எது?

புழுங்கல் அரிசி! மலாயாவில் வெள்ளையாகத் தீட்டிய பச்சரிசி தின்ற சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். அதே மண்ணில் உழைத்த தமிழர்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. இதைக் கவனித்து 1907-ல் புத்தகமே எழுதினார் பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது! இன்னொன்று தெரியுமா? ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்ததே நம் குன்னூரில்தான்! 1918-ல், ஒரே ஓர் அறையில், பெரிபெரி ஆய்வுக்காக!

ஒரு நாடே இளைத்தது!

சோவியத் யூனியன் உடைந்தபின் கியூபாவில் உணவும் எரிபொருளும் தட்டுப்பாடு. மக்கள் நடந்தார்கள், சைக்கிள் மிதித்தார்கள், இளைத்தார்கள். 1991 முதல் 1993 வரை 50,000-க்கும் மேற்பட்டோருக்குக் கண் மங்கியது, கால் எரிந்தது! அரசு என்ன செய்தது? நாட்டில் எல்லோருக்கும் வைட்டமின் மாத்திரை கொடுத்தது! கொள்ளைநோய் அடங்கியது!

அளவு மிஞ்சினால்?

அப்படியானால் பிடி பிடியாய் விழுங்கிவிடலாமா? கூடாது! பி6 மாத்திரையைக் கிராம் கணக்கில் விழுங்கியவர்கள் கால் உணர்வை இழந்ததை 1983-லேயே மருத்துவ இதழ் பதிவு செய்தது. துத்தநாகம் அதிகமானால் செம்பு உடம்பில் சேராது. செம்பு குறைந்தால் நடை தள்ளாடும், அச்சு அசல் பி12 குறைவு போலவே! நரம்பைக் காக்கும் சத்தே நரம்பைக் கெடுக்கும்!

ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்!

அறுந்த நரம்பு திரும்ப வளருமா? வளரும். வேகம் எவ்வளவு தெரியுமா? நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்! முழங்காலிலிருந்து பாதம் வரை போய்ச் சேர ஒரு வருடம்! மணிக்கு 400 கிலோமீட்டரில் செய்தி அனுப்பிய நரம்பு, நத்தையே சிரிக்கும் வேகத்தில் ஊர்ந்து வரவேண்டும்!

ஆகவே எடை குறைப்பவர்களே, அடுத்த முறை எடை மெஷினில் ஏறும்போது முள்ளைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு நொடி நில்லுங்கள். அந்தத் தகட்டின் குளிர்ச்சி உள்ளங்காலுக்குத் தெரிகிறதா? தெரியவில்லை என்றால், எத்தனை கிலோ என்று பார்க்கவே வேண்டாம். இறங்குங்கள், நேரே மருத்துவரிடம் போங்கள்!