காங்லா-சா காக்கும் போர்க்கப்பல்

போர்க்கப்பலின் இலச்சினை என்பது அதன் பெயரை உருவமாக்கிக் காட்டும் அடையாளமாகும். அரச குடும்பங்களும் பிரபுக்களும் கேடயத்தில் தாங்கிய சின்னங்களை முறைப்படுத்திய மரபுச் சின்னவியலிலிருந்து இது கிளைத்தது எனினும், பிரிட்டிஷ் கடற்படையில் முதல் உலகப் போர் முடியும்வரை இதற்கெனப் பொது விதி இருந்ததில்லை. 1918இல் சார்லஸ் ஃபோக்ஸ் என்னும் படைக்கல அறிஞரின் முயற்சியால் உருவான குழு, பெருங்கப்பல்களுக்கு வட்டம், குரூசர்களுக்கு ஐங்கோணம், நாசகாரிக் கப்பல்களுக்குக் கேடயம், ஏனையவற்றுக்குச் சாய்சதுரம் என வடிவங்களை வகுத்தது. இலச்சினையின் உச்சியில், பாய்களும் கப்பல்களின் பின்புறங்களும் மாறிமாறி அமைந்த கடற்படை மகுடம் இடம்பெற்றது. அம்மகுடம் இருந்த இடத்தில் இந்தியக் கடற்படை அசோகத் தூணின் சிங்கச் சிற்பத்தை வைத்துக்கொண்டது.

2023 நவம்பரில் புதுதில்லியில் வெளியிடப்பட்ட, மணிப்பூரின் தலைநகர்ப் பெயர் தாங்கிய இந்தியப் போர்க்கப்பல் 'ஐஎன்எஸ் இம்பால்' இலச்சினையில், பார்ப்பவருக்கு இடப்பக்கம் மணிப்பூர் அரசர்களின் காங்லா அரண்மனையும், வலப்பக்கம் காங்லா-சா என்னும் தொன்ம விலங்கும் காணப்படுகின்றன. சின்னவியலில் பக்கங்கள் கேடயத்தைத் தாங்குபவரை வைத்தே கணிக்கப்படுவதாலும் அவரது வலப்பக்கமே உயர்ந்தது என்பதாலும், பார்ப்பவரின் இடப்பக்கமே மதிப்பு மிகுந்தது. அரண்மனைக்கு அவ்விடம் வாய்த்தது திட்டமிட்டதோ தற்செயலோ, பொருத்தமாகவே இருக்கிறது. டிராகன் தலையும் சிங்க உடலும் கொண்ட காங்லா-சா, மணிப்பூர் மக்களின் காவலாகப் போற்றப்படுவதோடு அம்மாநிலத்தின் சின்னமாகவும் விளங்குகிறது. காங்லாக் கோட்டையில் இணையாக நின்ற அதன் சிலைகளை 1891ஆம் ஆண்டுப் போரில் மணிப்பூரை வென்ற பிரிட்டிஷார் தகர்த்தனர். கோட்டையும் படைமுகாமாகி, 2004இல்தான் அசாம் ரைபிள்ஸ் படையிடமிருந்து மாநில அரசின் கைக்கு வந்தது. பிரிட்டிஷ் கடற்படை வகுத்த இலச்சினை மரபுக்குள்ளேயே, பிரிட்டிஷ் தரைப்படை தகர்த்த காவல் விலங்கு இன்று நிமிர்ந்து நிற்பதுதான் இந்த இலச்சினையின் ஆழமான பொருள்; வடிவமைத்தவர்கள் அதை எண்ணினார்களா என்பது வேறு கேள்வி.

ஒரு குறையும் உண்டு. 2023 டிசம்பர் 26 அன்று மும்பையில் கடற்படையில் சேர்க்கப்பட்ட இக்கப்பலின் பெயர், 1944இல் ஜப்பானியப் படையெடுப்பைத் தடுத்து நிறுத்திய இம்பால் போரில் உயிர்நீத்த இந்திய வீரர்களுக்கான அஞ்சலி என அறிவிக்கப்பட்டிருந்தும், இலச்சினையின் இரு முதன்மை உருவங்களும் அரச மரபையே பேசுகின்றன. அந்த வீரர்களுக்கு அவற்றில் இடமில்லை.