வேலைநிறுத்த நாள்களில் அடுப்பு எரிவது யார் காசில்?

2015 செப்டம்பர் முதல் வாரத்தில் மூணாறு நகரத்தின் நடுச்சாலையில் வந்து உட்கார்ந்த தேயிலைத் தோட்டப் பெண்கள் ஒன்பது நாள் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி அந்த ஆண்டு போனசை 10 சதவீதமாகக் குறைத்திருந்தது. 20 சதவீதம் வேண்டும் என்பது கோரிக்கை. தேவிகுளம் வட்டாரத்து லயக் குடியிருப்புகளிலிருந்து ஆயிரக்கணக்கில் இறங்கிவந்த இந்தத் தமிழ்ப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் கட்சிக்காரர்களையும் பக்கத்தில் சேர்க்கவில்லை. 13ஆம் தேதி 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை என்று உடன்பாடு ஆனது. அவர்கள் அமைப்பின் பெயரான பெம்பிளை ஒருமை நாடெங்கும் தெரிந்தது. அந்தப் பெண்களின் துணிச்சலைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. கூலி வராத அந்த நாள்களில் வீட்டில் உலை வைத்தது எப்படி, அதற்கான காசு யாருடையது என்ற கேள்வியை அந்த அளவுக்கு யாரும் எடுத்துப் பேசவில்லை. நீண்ட வேலைநிறுத்தம் எதையும் புரிந்துகொள்ள அதுதான் முதல் கேள்வி. தோட்டத்துக்கும் அது பொருந்தும், பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும்.

போனஸ் போராட்டம் முடிந்த சூட்டோடு கூலிப் போராட்டம் தொடங்கியது. நாள் கூலி அப்போது 232 ரூபாய், கேட்டது 500. செப்டம்பர் கடைசியில் தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் நடுவில் 301 ரூபாய் என்ற முடிவோடு நின்றது, சில நிபந்தனைகளும் கூடவே வந்தன. இதைச் சாதாரணக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு வாரத்தில் 12 வேலை நாள் என்று கொண்டால் ஒரு பெண் இழந்தது 2,784 ரூபாய். உயர்ந்தது நாளொன்றுக்கு 69 ரூபாய். சுமார் 40 நாள் கொழுந்து பறித்தால் இழந்த காசு திரும்பிவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஆதாயம். தாளில் பார்த்தால் லாபமான பேரம். ஆனால் அந்த 40 நாளை அடைய முதலில் 12 நாள் சாப்பிட்டாக வேண்டும். போனஸ் போராட்டத்தில் ஒன்பது நாள் கூலி ஏற்கெனவே போயிருந்தது. ரேஷன் அரிசி இருக்கும். எண்ணெயும் பருப்பும் காசுக்குத்தான் கிடைக்கும். குழுக் கடனின் தவணை எந்தப் போராட்டத்துக்காகவும் காத்திருக்காது. தேனியிலோ கோவையிலோ விடுதியில் தங்கிப் படிக்கும் மகளின் கட்டணமும் அப்படித்தான். ஆக, போராடுகிறவர்களின் நெருக்கடி பெரும்பாலும் ஏழ்மையைவிடக் காசு வந்துசேரும் நேரத்தைப் பொறுத்தது. கோரிக்கை நியாயமாகவும் வெல்லக்கூடியதாகவும் இருந்தும் கையில் ரொக்கம் தீர்ந்ததால் தோற்ற போராட்டங்கள் உண்டு.

ஆதரவு நிதி என்று ஒன்று இல்லாவிட்டால் ஆதரவே இல்லை என்று அர்த்தமல்ல. ஒவ்வொரு வேலைநிறுத்தத்துக்கும் யாரோ செலவு செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். காதில் கிடக்கும் கம்மல் அடகுக்குப் போகிறது. மளிகைக் கடைக்காரர் பற்று நோட்டில் இன்னொரு பக்கம் எழுதுகிறார். மூத்த பிள்ளை படிப்பை நிறுத்தி வேலைக்குப் போகிறது. மும்பையின் ஆலைப் பகுதியான கிரண்காவில் 1970களின் தொடக்கத்தில் பஞ்சாலைகள் 42 நாள் நின்றபோது, தொழிலாளர்களுக்கு மாதக் கணக்கில் சோறு போட்டுவந்த வீட்டுச் சமையல் பெண்கள் கடனுக்கே சோறு போட்டார்கள். ஆலைகள் திறந்தன, அந்தப் பெண்கள் கடனில் மூழ்கினார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் பிரேமா புராவ் 1975இல் அன்னபூர்ணா மகிளா மண்டலைத் தொடங்கி அவர்களுக்கு வங்கிக் கடன் வாங்கித் தந்தார். தொழிற்சங்க வரலாற்றில் அந்த 42 நாள்கள் ஆலைத் தொழிலாளர் போராட்டமாகவே பதிவாகியிருக்கின்றன. அதைத் தாங்கியவர்களில் சங்க உறுப்பினராகக்கூட இல்லாத பெண்கள் இருந்தார்கள். என் வாதம் இதிலிருந்துதான் பிறக்கிறது. வேலைநிறுத்தத்தின் செலவு எப்படியும் ஏறும். அதை முன்கூட்டியே பலர் பங்குபோட்டு, கணக்கு வைத்து ஏற்கப்போகிறோமா, அல்லது இருப்பதிலேயே வலுவில்லாத ஒருத்தியின் தலையில் ஓசையில்லாமல் இறக்கப்போகிறோமா?

பல்கலைக்கழகம் இந்தக் கேள்விக்கு எதிர்பாராத ஒளி தருகிறது. 2022 நவம்பர் 14 அன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சுமார் 48,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். வகுப்பெடுக்கும் முனைவர் பட்ட மாணவர்கள், ஆய்வு உதவியாளர்கள், முதுமுனைவர்கள் எல்லாம் அதில் உண்டு. சம்பளத்தின் பெரும்பகுதி வாடகைக்கே போகிறது என்பது அவர்களின் முதன்மையான குறை. அவர்களில் பலர் குடியிருந்தது பல்கலைக்கழகத்தின் வீடுகளிலேயே; சம்பளம் தருபவரே வீட்டுக்காரரும். தேவிகுளத்து லயம் அறிந்தவருக்கு இது புதிதல்ல. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டையும் மருத்துவத்தையும் பிள்ளைக் காப்பகத்தையும் கம்பெனியின் பொறுப்பாக்கியது. சலுகையாகத் தெரியும் இந்த ஏற்பாட்டில், வேலையோடு கூரையும் கட்டப்பட்டிருக்கிறது. முதலாளியை எதிர்த்து நிற்பவள் வீட்டுக்காரரையும் மருத்துவமனையையும் சேர்த்தே எதிர்த்து நிற்கிறாள். கலிஃபோர்னியாவில் இருந்ததும் இங்கே இல்லாததுமான ஒன்று, போராட்ட ஊதியம். அவர்கள் சேர்ந்திருந்த யு.ஏ.டபிள்யூ. சங்கம், கார்த் தொழிலாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்த நிதியிலிருந்து வாரம் 400 டாலர் கொடுத்தது. மறியலில் முறை வைத்து நின்றவர்களுக்கே அந்தக் காசு. முழுச் சம்பளத்துக்கு அது ஈடாகாது, ஆனால் கடையில் கடன் சொல்ல வேண்டியதில்லை. கிறிஸ்துமஸுக்கு முன் போராட்டம் முடிந்தபோது, ஆண்டுக்குச் சுமார் 23,000 டாலராக இருந்த பயிற்றுதவியாளரின் அடிப்படைச் சம்பளம் 2024க்குள் 34,000ஆக உயரும் என்று ஒப்பந்தமானது.

அமெரிக்கச் சம்பளத்தில் கழிக்கும் சந்தாவையும் தோட்டக் கூலியில் கழிக்கும் சந்தாவையும் ஒப்பிடலாமா என்று கேட்பது நியாயமே. ஆனால் நம்மிடம் சட்டமே இடம் தரவில்லை என்று நினைப்பது தவறு. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, சங்கப் பொதுநிதியை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று அடுக்கும்போது, தொழில் தகராறால் உறுப்பினர் அடைந்த இழப்புக்கு ஈடு தருவதையும் அதில் சேர்த்தது. அதாவது போராட்ட ஊதியம் என்ற எண்ணம் இந்நாட்டில் விடுதலைக்கு முன்பே சட்டப் புத்தகத்தில் ஏறியது. மறுபக்கம், வேலை இல்லையேல் சம்பளம் இல்லை என்பதை 1990இல் பேங்க் ஆஃப் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. முன்னறிவிப்பு இல்லாமல் பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து வேலைக்கு வராவிட்டால் எட்டு நாள் சம்பளம் வரை கூடுதலாகப் பிடிக்க 1936ஆம் ஆண்டு ஊதியச் சட்டம் வழி வைத்திருந்தது. பல்கலைக்கழகமும் தொழிலகமே என்று 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதால், அங்கே துப்புரவு செய்பவரும் எழுத்தரும் இந்தச் சட்டங்களின் பயனுக்கும் சுமைக்கும் உள்ளானவர்கள் ஆனார்கள். இழப்பு உறுதி; ஈடு சங்கத்தின் கையிருப்பைப் பொறுத்தது. அந்தக் கையிருப்பு எப்படி வளரும்? 2001 திருத்தத்தின்படி உறுப்பினர் சந்தா ஆண்டுக்குக் குறைந்தது 12 ரூபாய், கிராமப்புறத் தொழிலாளிக்கு ஒரு ரூபாய் என்று இருந்தது. கொடிக்கும் மாநாட்டுக்கும் வசூல் செய்யத் தெரிந்த சங்கங்கள், தனியாக ஒரு போராட்ட நிதி வைக்க வேண்டும் என்ற பழக்கத்தை வளர்க்கவில்லை. மூணாற்றில் பெண்கள் சங்கங்களை ஒதுக்கியதற்குப் பல காரணங்கள் இருந்தன. கொடுத்த சந்தாவுக்கு நெருக்கடி நாளில் பலன் தெரியாதது அவற்றில் ஒன்றாக இருந்திருந்தால் வியப்பில்லை.

இதற்கு எதிராக வைக்கக்கூடிய வாதங்களில் கனமானது காந்தியுடையது. 1918இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்கள் 35 சதவீத உயர்வு கேட்டு நின்றபோது, பிறர் தரும் தர்மத்தில் வாழக் கூடாது என்பதை அவர் போராட்ட நிபந்தனையாகவே வைத்தார். அயலார் பணத்தில் நடக்கும் போராட்டத்தில் உறுதி இருக்காது, பணம் தருபவர் கையில் கடிவாளம் போய்விடும் என்பது அவர் அச்சம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதே போராட்டத்தில் மேலும் நடந்ததைப் பார்க்க வேண்டும். வாரங்கள் போகப் போகக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். காந்தியும் அவரோடு போராட்டத்தை நடத்திய அனசூயா சாராபாயும் காரில் வந்து போகிறார்கள், சாப்பிடுகிறார்கள், பட்டினி கிடப்பது நாங்கள்தானே என்று முணுமுணுப்பு எழுந்தது. அந்தப் பேச்சு அவரைக் குத்தியது, உண்ணாவிரதம் தொடங்கினார். தொழிலாளர்களுக்குக் கூலி வேலை தர, ஆசிரமத்தில் எழும்பிக்கொண்டிருந்த நெசவுப் பள்ளியின் அஸ்திவாரத்துக்கு மணல் சுமக்கும் ஏற்பாட்டை மகன்லால் காந்தி முன்வைத்தார். தர்மம் கூடாது என்றவருக்கும் அடுப்புக்கு ஒரு வழி செய்யாமல் முடியவில்லை. அவருடைய அச்சத்துக்கு விடை, உறுப்பினர்கள் தாங்களே முன்கூட்டிச் சேர்த்த நிதி. அது தர்மமும் அல்ல, அயலார் கடிவாளமும் அல்ல.

இரண்டாவது எதிர்ப்பு, பொதுமக்கள் சார்பில் வருவது: சோறு போட்டால் போராட்டம் நீளும், நடுவில் மாட்டிக்கொள்வது மாணவர்கள். இலங்கையில் 2024 மே 2 அன்று பல்கலைக்கழகங்களின் கல்விசாரா ஊழியர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் போனது. கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் 2018இல் ஒப்பந்த ஆசிரியர்களும் முதுநிலை மாணவர்களும் நின்ற 143 நாள் வேலைநிறுத்தத்தை ஒன்டாரியோ அரசு சட்டம் போட்டுத்தான் நிறுத்தியது. மாணவர்களின் இழப்பு பொய்யல்ல. ஏழை மாணவருக்குத் தள்ளிப்போகும் தேர்வு என்பது ஒரு பருவத்து விடுதிக் கட்டணம். ஆனால் போராட்டத்தின் நீளத்தை ஊழியர் மட்டும் தீர்மானிப்பதில்லை. எதிர்ப்பக்கத்தில் நிர்வாகமும் அரசும் இருக்கின்றன, மாதம் பிறந்தால் அங்கே சம்பளம் நிற்பதில்லை. ஒரு பக்கம் பசி ஏறிக்கொண்டே போவது நிர்வாகத்துக்குத் தெரிந்தால், பேச்சுவார்த்தைக்கு அவசரப்பட அதற்கு என்ன காரணம்? ஊழியர்களால் மூன்று மாதம் தாங்க முடியும் என்று தெரிந்தால்தான் மூன்றாவது வாரத்திலேயே பேச வருவார்கள். ஆதரவு எல்லாப் போராட்டத்தையும் சுருக்கிவிடும் என்று சொல்லவில்லை. யார்க்கில் போராட்ட ஊதியம் கொடுக்கும் சங்கம் இருந்தும் நீண்டது. பட்டினியால் முடியும் போராட்டம் அடுத்த ஆண்டு அதே குறையோடு திரும்பிவருகிறது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

ஆதரவை எப்படிப் பங்கிடுவது என்பதில் சென்னையின் பின்னி ஆலை தந்த பாடம் கசப்பானது. 1921இல் அங்கே மாதக் கணக்கில் நீடித்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள்; புளியந்தோப்பில் மோதலும் துப்பாக்கிச் சூடும் நடந்தன, சென்னைத் தொழிலாளர் இயக்கம் நடுவில் பிளந்தது. அவர்கள் திரும்பியதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. திரும்பிப் போய்ச் சாப்பிட ஊரில் ஒரு காணி நிலம் இல்லாதவர்கள் என்பது அவற்றில் ஒன்று. எல்லோருக்கும் ஒரே நாளில் கூலி நின்றாலும் எல்லோருக்கும் ஒரே நாளில் பசி வருவதில்லை. வீட்டில் இன்னொருவர் சம்பளம் வருகிறதா, நோயாளி இருக்கிறாரா, தனித்து வாழும் பெண்ணா என்பதைப் பார்க்காமல் ஆளுக்கு ஐந்து கிலோ அரிசி என்று கொடுக்கும் ஆதரவு, முதலில் உடையப் போகிறவரைக் காப்பாற்றாது. பல்கலைக்கழகங்களில் நிரந்தர எழுத்தருக்கும், ஒப்பந்தக்காரர் மூலம் வந்து கழிப்பறை கழுவும் பெண்ணுக்கும் இடையில் இருப்பதும் இதே தூரம்தான். அவள் இழப்பது சம்பளத்தோடு வேலையையும்.

தேவிகுளத்தில் இதை எங்கிருந்து தொடங்கலாம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 12,000 தொழிலாளர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஆளுக்கு 20 ரூபாய் சேர்த்தால் ஆண்டுக்கு 28 லட்சத்து 80 ஆயிரம். ஐந்து ஆண்டில் ஒரு கோடியே 44 லட்சம். வட்டி சேர்க்காமலே, 12 வேலை நாளுக்கு ஒவ்வொருவருக்கும் தினம் 100 ரூபாய் கொடுக்க அது சரியாகப் போதும். வீட்டு நிலை பார்த்துக் கொடுத்தால் இன்னும் நீளும். கல்லூரிக் கட்டணத்துக்குத் தனியாக ஒரு பங்கு ஒதுக்கலாம்; படிப்பு ஒருமுறை நின்றால் கூலி உயர்வு அதைத் திருப்பித் தராது. பணத்தைவிடக் கடினம் நம்பிக்கை. 2015இல் உடைந்தது அதுதான், அதற்குப் பிறகு பெம்பிளை ஒருமைக்குள்ளும் பிளவு வந்தது. ஆகவே இந்த நிதியின் கணக்கு கட்சி அலுவலகத்தில் இருக்கக் கூடாது. எந்த ஒரு தலைவர் பெயரிலும் இருக்கக் கூடாது. குடும்பஸ்ரீ அயல்கூட்டங்களில் வாரச் சேமிப்பை எழுதி, எல்லோர் முன்னும் வாசித்துப் பழகிய பெண்கள் இந்த மலைகளில் இருக்கிறார்கள். ஒவ்வொரு டிவிஷனிலும் அப்படி இரண்டு பேரிடம் நோட்டைக் கொடுத்து, மாதம் ஒருமுறை லயத்து முற்றத்தில் இருப்பை வாசிக்கச் சொல்லலாம். அடுத்த கூலிப் பேச்சு தொடங்கும் முன்பே அது நடந்தாக வேண்டும்.