தபால் தலையை நாமே ஒட்டணும்

ஈரோட்டில் ஓர் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிளாக, அதாவது பயிற்சியாளராக இருந்தபோது ஒரு நூல் மில்லுக்கு ஆடிட் போனேன். வங்கி இருப்பை உறுதி செய்யச் சொல்லி வங்கிக்கு எழுதிய கடிதம் என் கையில் இருந்தது. "எதுக்குங்க தம்பி அலையறீங்க? நான் பேங்குக்குத்தான் போறேன், பதிலையும் கையோட வாங்கியாந்துடறேன்" என்றார் அக்கவுண்டன்ட். மதியம் தன் சாப்பாட்டில் பாதியை எனக்கு வைத்த மனிதர். கொடுத்துவிட்டேன். மாலையே முத்திரையோடு பதில் வந்தது.

என் சீனியர் அதை ஓரமாக வைத்துவிட்டு, இன்னொரு கடிதம் டைப் அடிக்கச் சொன்னார். பதில் உறையில் எங்கள் ஆபீஸ் விலாசம். தபால் தலையை ஒட்டி நான் பெட்டியில் போடும்வரை கூடவே நின்றார். "அவர் மேல சந்தேகம் இல்ல தம்பி. கணக்கு அவருது. சாட்சியும் அவர் கையாலயே வந்தா நாம எதுக்கு?"

பதினோராம் நாள் வங்கியின் பதில் வந்தது. டெபாசிட் தொகை சரி. அதன் கீழே பேனாவால் ஒரு வரி: இதன் பேரில் கடன் நிலுவை உள்ளது. மில் பேரேட்டில் அந்தக் கடன் இல்லை. அக்கவுண்டன்ட் கொண்டுவந்த பதிலில் அந்த வரியும் இல்லை.

2009 ஜனவரி 7 அன்று ஹைதராபாத் சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி கிடையாது என்று தன் இயக்குநர் குழுவுக்கு எழுதினார். செய்யாத வேலைக்குப் பில் போட்டால் லாபம் ஏறும். அந்தப் பணம் எங்கே என்று கேட்டால் ஏதாவது காட்ட வேண்டும். போலி டெபாசிட் ரசீதுகளைக் காட்டினார்கள். வங்கிக்குக் கடிதம் அனுப்புவதையும் பதில் வாங்குவதையும் ஆடிட்டர்கள் கம்பெனியிடமே விட்டிருந்தார்கள் என்று 2011-இல் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் கண்டறிந்தபோது, என் நினைவில் வந்தது அந்தத் தபால் பெட்டிதான்.

பிறகு சட்டம் கடுமையானது. 2013 கம்பெனிகள் சட்டப்படி, பட்டியலிட்ட நிறுவனம் ஒரே தணிக்கை நிறுவனத்தைத் தொடர்ந்து 10 ஆண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. 1 கோடி ரூபாயோ அதற்கு மேலோ மோசடி கண்ணில் பட்டால் ஆடிட்டர் மத்திய அரசுக்கே தெரிவிக்க வேண்டும். நல்ல மாற்றங்கள். ஆனாலும், பதில் நேராக ஆடிட்டருக்குத்தான் போகும் என்று தெரிந்தால் பொய் எழுத நினைப்பவர் கை முதலிலேயே தயங்கும். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்போது எல்லாம் ஈமெயில். போன மாதம் எங்கள் ஆர்ட்டிகிள் பெண் வங்கிக்கு அனுப்பத் தயாராக வைத்திருந்த மெயிலைப் பார்த்தேன். "இந்த ஐடி யாரும்மா கொடுத்தது?" "கிளையன்ட் சார்." கிளைக்கு நீயே நேரில் போய் வாங்கி வாம்மா என்றேன். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.