ஜனாதிபதிக்கு எத்தனை தடவை? முடிவு யார் கையில்?

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு இலங்கை ஜனாதிபதிக்கு ஆறு ஆண்டுப் பதவிக்காலம் கொடுத்தது. ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் தெரிவாக முடியாது என்றும் சொன்னது. அன்றிலிருந்து இந்தக் கணக்கில் கைவைத்தவர்கள் பெரும்பாலும் பதவியில் இருந்தவர்களே.

முதலில் ஜே.ஆர். ஜயவர்தன. 1982இல் வந்த மூன்றாவது திருத்தம், முதல் பதவிக்காலத்தில் நான்கு ஆண்டு முடித்த ஜனாதிபதி தனக்கு வாய்ப்பான நேரத்தில் தேர்தலுக்குப் போக வழிவிட்டது. அந்த டிசம்பரில் நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வஜன வாக்கெடுப்பு வைத்தார். விளக்குக்குப் புள்ளடி போட்டால் 1977இல் தெரிவான சபையே மேலும் ஆறு ஆண்டு இருக்கும். குடத்துக்குப் போட்டால் இருக்காது. யாழ்ப்பாண மாவட்டம் பெருவாரியாகக் குடத்துக்கே போட்டது. ஆனாலும் நாடளவில் விளக்கு வென்றது. அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில்தான் வந்தது. கறுப்பு ஜூலை, இந்திய–இலங்கை ஒப்பந்தம், தெற்கின் கிளர்ச்சி எல்லாம் நடந்த அந்தக் காலம் முழுவதும் மக்கள் புதிய நாடாளுமன்றம் ஒன்றைத் தெரிவு செய்ய முடியவில்லை. இது ஜனநாயகத்துக்குச் செய்த பெருந்தீங்கு.

இரண்டாவது, மஹிந்த ராஜபக்ஷ. 2010 செப்டெம்பரில் அவசரச் சட்டமூலமாக வந்த 18ஆவது திருத்தம் இரண்டு தடவை வரம்பையே நீக்கியது. ஆதரவு 161, எதிர்ப்பு 17. மக்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை என்றது உயர் நீதிமன்றம். காரணம் 83ஆவது உறுப்புரை. பதவிக்காலத்தை ஆறு ஆண்டுக்கு மேல் நீட்ட அது சர்வஜன வாக்கெடுப்பைக் கோருகிறது. எத்தனை தடவை என்பது பற்றி அதில் எதுவும் இல்லை. ஆறு ஆண்டை ஏழாக்க மக்கள் சம்மதம் வேண்டும், ஒருவர் ஆயுள் முழுக்கப் போட்டியிட மூன்றிலிரண்டு எம்.பி.க்கள் போதும் என்றால், அது எப்படி நியாயமாகும்?

மூன்றாம் தடவை கேட்ட மஹிந்தவை 2015 ஜனவரியில் வாக்காளர்களே தடுத்தனர். அதே ஆண்டு 19ஆவது திருத்தம் பதவிக்காலத்தை ஐந்து ஆண்டாக்கி, இரண்டு தடவை வரம்பை மீட்டது. 2018இல் மைத்திரிபால சிறிசேன, தான் ஆறு ஆண்டு இருக்கலாமா என்று கேட்டபோது, ஐந்துதான் என்றது நீதிமன்றம். 19ஆவதின் பலவற்றைக் கலைத்த 2020ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்த இரண்டையும் தொடவில்லை.

ஆனால் 2010இல் திறந்த அந்த வழி இன்னும் அடைபடவில்லை. புதிய அரசியலமைப்பு பற்றி உங்களிடம் பேச வரும் வேட்பாளரிடம் இரண்டு கேளுங்கள்: இந்த வரம்பை மாற்றச் சர்வஜன வாக்கெடுப்பு கட்டாயமாகுமா? மாற்றினாலும் பதவியில் இருப்பவருக்கு அதன் பயன் கிடைக்காமல் தடுப்பீர்களா?